ஒரு காய் அடிக்க இரண்டரை நிமிஷம்! நள்ளிரவு வரை இழுக்கும் கேரம் போட்டிகள்

– நமது நிருபர் –

புதுக்கோட்டை:

இரவு மணி 11.40. கூரைக் கம்பியில் தொங்கும் ஒரே ஒரு பல்பு. அதன் கீழே கேரம் போர்டு. சுற்றிலும் பதின்மூன்று பேர்.

ஒன்பதரை மணிக்கு ஆட்டம் தொடங்கியபோது அந்த இடத்தில் நிற்க இடமில்லை. எண்ணிப் பார்த்தேன், அறுபது பேருக்குக் குறையாது. பெட்டிக்கடைக்காரர், சலூன்காரர், பஸ் நிலையத்தில் வேலை முடித்து வந்த கண்டக்டர் ஒருவர், நாலைந்து கல்லூரிப் பையன்கள் எல்லாரும் இருந்தார்கள். இரண்டு மணி நேரத்தில் ஒவ்வொருவராக நழுவிவிட்டார்கள்.

புதுக்கோட்டையில் ஒரு வார்டு மன்றம் நடத்திய கேரம் போட்டியின் இறுதி ஆட்டம் அது. மன்றத்தின் பெயர் வேண்டாம். எல்லா வார்டிலும் கிட்டத்தட்ட இதே கதைதான்.

ஒரு பக்கம் வயது முப்பத்தைந்து இருக்கும் அனுபவஸ்தர். எதிரே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கும் பையன், வயது பத்தொன்பது. பையன் மின்னல். ஸ்டிரைக்கரை வைத்தான், அடித்தான், எடுத்தான். முதல் போர்டு பத்து நிமிஷத்தில் முடிந்தது. கூட்டம் கை தட்டியது.

இரண்டாவது போர்டில் பெரியவர் ஆட்டத்தை மாற்றினார். ஸ்டிரைக்கரைத் துடைத்தார். போர்டில் ஊதினார். பவுடர் கேட்டார். வந்த பவுடர் கட்டியாக இருக்கிறது என்றார். டீ ஒரு வாய் குடித்தார். ஸ்டிரைக்கரை இடது ஓரத்தில் வைத்தார். எடுத்தார். வலது ஓரத்தில் வைத்தார். மறுபடி எடுத்தார். என் கைக்கடிகாரத்தில் பார்த்தேன். ஒரு காய்க்கு இரண்டரை நிமிஷம்!

“ஏண்ணே, பொண்ணு பாக்கவா வந்தீங்க? அடிங்கண்ணே!” என்று ஒரு குரல். சிரிப்பு. பெரியவர் அசையவில்லை.

பையன் முதலில் சிரித்தான். பிறகு நகம் கடித்தான். பிறகு பெஞ்சில் சாய்ந்து கொட்டாவி விட்டான். நாலாவது போர்டில், கண்ணை மூடிக்கொண்டே போடக்கூடிய காய், பாக்கெட் வாயில் நின்றது. விரல் ஆறிப்போய்விட்டது. பன்னிரண்டு மணிக்குப் பெரியவர் கோப்பையை வாங்கிக்கொண்டு போனார்.

தப்பு யாருடையது?

பெரியவர் எந்த விதியையும் மீறவில்லை. மீறுவதற்கு அங்கே விதி என்று ஒன்று இருந்தால்தானே!

ஆனால் உண்மையான கேரம் சட்டத்தில் விதி இருக்கிறது. சர்வதேசச் சம்மேளனத்தின் கணக்குப்படி ஒரு அடிக்கு 15 வினாடி. அதற்குள் அடிக்கவில்லை என்றால் தவறு. பக்கத்தில் நடுவர் உட்கார்ந்திருப்பார். 25 பாயிண்ட் அல்லது எட்டு போர்டு, எது முதலில் முடிகிறதோ அதோடு ஒரு ஆட்டம் முடிந்தது. இது நேற்று வந்த சட்டமும் இல்லை. மாநிலப் போட்டிக்குப் போய் வந்த எந்தப் பையனைக் கேட்டாலும் சொல்லுவான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு போர்டுக்கு நாற்பது அடி என்று வையுங்கள். 15 வினாடியையும் முழுசாக எடுத்துக்கொண்டாலும் பத்து நிமிஷம். அதே நாற்பது அடியை ஆளுக்கு இரண்டு நிமிஷம் வீதம் அடித்தால் எண்பது நிமிஷம். ஒரே ஒரு போர்டுக்கு! காதுகுத்து விருந்தே அதற்குள் முடிந்துவிடும்.

இங்கிலாந்திலும் இதே கூத்து

இந்த வியாதி நம் வார்டுக்கு மட்டும் வந்தது என்று நினைக்க வேண்டாம். கோடிக்கணக்கில் பணம் புரளும் ஸ்னூக்கரிலும் இருக்கிறது.

ஸ்னூக்கருக்கும் நம் நாட்டுக்கும் தொடர்பு உண்டு. 1875-ல் ஜபல்பூரில் வெள்ளைக்கார ராணுவ அதிகாரிகள் ஆரம்பித்த ஆட்டம் அது. 1882-ல் அதற்கு விதிமுறை எழுதி மாட்டியது நம் ஊட்டி கிளப்பில்.

2005-ல் இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரில் உலக சாம்பியன்ஷிப் கால் இறுதி. ஒரு பக்கம் ரோனி ஓ'சுல்லிவன். எதிரே பீட்டர் எப்டன். ஓ'சுல்லிவன் 8–2 என்று முன்னிலை. ஜெயித்துவிட்டார் என்றே எல்லாரும் முடிவு கட்டினார்கள்.

அதற்குப் பிறகு எப்டன் ஆமை வேகத்துக்கு இறங்கினார். வெறும் 12 பாயிண்ட் எடுக்க ஐந்து நிமிஷத்துக்கு மேல் எடுத்துக்கொண்டார். ஓ'சுல்லிவன் நாற்காலியில் நெளிந்தார். பார்வையாளர் ஒருவரிடம் மணி என்ன என்று கேட்டார். முடிவில் 13–11 என்று எப்டன் ஜெயித்தார்.

வேடிக்கை என்ன தெரியுமா? இதே ஓ'சுல்லிவன் 1997-ல் இதே அரங்கத்தில் முழுசாக 147 பாயிண்ட் எடுத்தார். 36 பந்துகளை வரிசையாகக் குழியில் போட்டார். ஆன நேரம் 5 நிமிஷம் 8 வினாடி! ஒருவருக்கு 147, இன்னொருவருக்கு 12. நேரம் கிட்டத்தட்ட ஒன்று.

எப்டன் செய்தது சட்டப்படி குற்றமா? நடுவர் அப்படிச் சொல்லவில்லை. நான் அழுத்தத்தில் இருந்தேன், யோசித்தேன் என்று எந்த ஆட்டக்காரரும் சொல்லலாம். அந்த மனசுக்குள் புகுந்து பார்க்க யாராலும் முடியாது. அதனால்தான் கடிகாரம் வேண்டும் என்கிறேன். கடிகாரத்துக்கு மனசைப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் தொழில்முறை ‘பூல்’ ஆடுகிறவர்கள் இதை முன்பே புரிந்துகொண்டார்கள். ஐரோப்பாவும் அமெரிக்காவும் மோதும் மாஸ்கோனி கோப்பையில் ஒரு அடிக்கு 30 வினாடிதான். கூட்டம் கூச்சல் போடலாம், பாட்டுப் பாடலாம். கால்பந்து மைதானம் போல இருக்கும்.

வேகம் மட்டும் போதாது

அதற்காக அவசரம் அவசரமாக அடித்தால் கூட்டம் வந்துவிடுமா? வராது. ஸ்னூக்கரில் ‘ஷூட் அவுட்’ என்று ஒரு போட்டி உண்டு. மொத்தமே பத்து நிமிஷம். முதல் ஐந்து நிமிஷத்தில் ஒரு அடிக்கு 15 வினாடி, அப்புறம் 10 வினாடி. வேடிக்கை பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் பழைய ரசிகர்களில் பலர் அதை ஆட்டத்தோடு சேர்ப்பதே இல்லை.

திறமை அதிகமானாலும் ஆபத்துதான். பில்லியர்ட்ஸில் ஆஸ்திரேலியாவின் வால்டர் லிண்ட்ரம் 1932-ல் லண்டனில் ஒரே மூச்சில் 4,137 பாயிண்ட் எடுத்தார். எதிராளி ஜோ டேவிஸ் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். பந்துகளை நெருக்கமாகச் சேர்த்து வைத்து, தட்டித் தட்டியே பாயிண்ட் எடுத்துக்கொண்டிருந்தார் லிண்ட்ரம். மனுஷன் மந்திரவாதிதான். ஆனால் பார்க்கிறவனுக்கு முதல் அரை மணிக்குப் பிறகு என்ன இருக்கிறது? அதே வருஷம் விதியை மாற்றினார்கள். என்ன மாற்றியும் பில்லியர்ட்ஸுக்குப் பழைய கூட்டம் திரும்பவில்லை. ஸ்னூக்கர் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

ரசிகன் கேட்பது ஒன்றே ஒன்று. அடுத்தது என்ன நடக்கும் என்று அவனுக்குத் தெரியக்கூடாது. நடக்கும் என்ற நம்பிக்கையும் போகக்கூடாது.

இதை நம் மாவட்டத்துக்காரனுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. தை பிறப்பதற்கு முன்பே தச்சங்குறிச்சியில் வாடிவாசல் திறந்துவிடுகிறது. 2019-ல் விராலிமலையில் ஒரே நாளில் 1,353 காளைகளை அவிழ்த்தார்கள். காளை வெளியே வந்து மறைவது நிமிஷக் கணக்குகூட இல்லை. ஒருவன் திமிலைப் பிடித்தால் மற்றவன் விலக வேண்டும். வாலைப் பிடித்தால் தப்பு. கொம்பைப் பிடித்தால் தப்பு. கமிட்டிக்காரர் மைக்கில் கத்துவதற்கு முன்னால் கூட்டமே கத்திவிடும். மாடு பிடிபடாவிட்டாலும் மாட்டுக்காரருக்குக் கைதட்டல் உண்டு. கேரமில் அந்தக் கைதட்டல் ஏன் இல்லை?

இருக்கிறது. அன்று இரவே பார்த்தேன். மூன்றாவது போர்டில் பையன் ரெட்டைப் போட்டு ஃபாலோவும் போட்டுவிட்டான். உடனே கையைத் தூக்கினான். “அண்ணே, சட்டைக் கை பக்கத்துக் காயில பட்டுச்சு” என்றான். யாரும் பார்க்கவில்லை. பெரியவரே பார்க்கவில்லை! அவனாகவே காயை எடுத்து நடுவில் வைத்தான். மிச்சம் இருந்த இருபது முப்பது பேரும் தட்டிய தட்டலில் பக்கத்து வீட்டுத் திண்ணையில் படுத்திருந்த தாத்தா எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

பந்தயம் கட்டும் பேர்வழிகள்

கடைசிவரை நின்ற பதின்மூன்று பேரில் பாதிப் பேருக்கு மேல் ஆட்டம் பார்க்க நிற்கவில்லை. பணத்துக்காக நின்றார்கள். ஐம்பது, நூறு, இருநூறு என்று பந்தயம். ஆட்டம் இழுக்க இழுக்கப் பந்தயம் ஏறியது. ரசிகன் போன இடத்தில் பந்தயக்காரன் வந்து நிற்கிறான்.

போலீஸ் செய்தி எடுக்கிறவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். மன்றத்து கேரம் போர்டு பக்கத்தில் அடிதடி என்று என் காதுக்கு வந்த சங்கதிகளில் ஒன்றுகூட மாலை ஆறு மணிக்கு நடந்ததில்லை. எல்லாம் பதினொன்றுக்கு மேல். திறமை ஆட்டத்துக்கு 1930-ஆம் வருஷத்துச் சூதாட்டத் தடைச் சட்டமே விலக்கு கொடுத்திருக்கிறது. ஆனால் நடுராத்திரியில் ரோந்து வரும் ஏட்டய்யா சட்டப் புத்தகத்தைப் பார்ப்பாரா, பல்பு வெளிச்சத்தில் கைமாறும் நோட்டைப் பார்ப்பாரா? அப்புறம் “கேரம் ஆடுகிறவன் உருப்பட மாட்டான்” என்று ஊர் பேசுகிறது.

வாசற்படியில் நின்ற பெண்

உண்மையில் உருப்பட்டவர்கள் பட்டியல் சின்னதா?

மரிய இருதயம், சென்னைக்காரர். 1991, 1995 என இரண்டு முறை உலக சாம்பியன். அர்ஜுனா விருது வாங்கினார். வியாசர்பாடி இளவழகி 2008-ல் உலக சாம்பியன். அவருடைய அப்பா மீன்பாடி வண்டி ஓட்டியவர். 2024-ல் அமெரிக்காவில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா, ஆட்டோ டிரைவர் மகள். 2025 டிசம்பரில் மாலத்தீவில் மூன்று தங்கம் வாங்கிய கீர்த்தனா, காசிமேட்டுப் பெண். காசிமாவுக்கும் கீர்த்தனாவுக்கும் தமிழக அரசு ஆளுக்கு ஒரு கோடி ரூபாய் கொடுத்தது.

கடைசி மூன்று பெயர்களையும் கவனித்தீர்களா? மூன்று பேரும் பெண்கள். மூன்று பேரும் வட சென்னை. அந்தப் பக்கம் சந்துக்குச் சந்து கேரம் மன்றம். பெண் பிள்ளைகளும் பகலில் உட்கார்ந்து ஆடுகிறார்கள்.

நம் ஊர் மன்றத்தில் அன்று இரவு ஆடியவர்களில் பெண் ஒருவர்கூட இல்லை. ஆனால் பார்த்தவர்களில் ஒருத்தி இருந்தாள். எதிர்வீட்டு வாசற்படியில் ஒன்பதாவது பத்தாவது படிக்கும் பெண். எட்டிப் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பையன் ஒரு காயை இரண்டு பக்கம் மோதவிட்டு எடுத்தபோது “கட்டு!” என்று அவள்தான் முதலில் கத்தினாள். ஆட்டம் தெரிந்த பெண்!

பத்து மணிக்கு உள்ளேயிருந்து அம்மா கூப்பிட்டார். “மணி என்ன ஆச்சு, இன்னும் என்னடி தெருவுல?” கதவு சாத்தியாயிற்று. அம்மா மேல் தப்பு சொல்ல முடியுமா? என் தங்கையாக இருந்தாலும் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

இரண்டரை நிமிஷம் ஒரு காய்க்கு எடுத்துக்கொண்ட பெரியவர் தோற்கடித்தது ஒர்க்‌ஷாப் பையனை மட்டும் இல்லை. சாயங்காலம் நாலு மணிக்குத் தொடங்கி எட்டு மணிக்கு முடிய வேண்டிய போட்டி நடுராத்திரிக்குப் போனால், அந்தப் பெண் எந்த ஜென்மத்தில் போர்டுக்குப் பக்கத்தில் வருவாள்?

“கடிகாரத்துக்கு எங்கே போறது?”

மறுநாள் மன்றத்துச் செயலாளரைப் பார்த்தேன். நல்ல மனுஷன். கைக்காசு போட்டுக் கோப்பை வாங்கியவர்.

“15 வினாடி விதி வைக்கலாமேண்ணே” என்றேன்.

“வைக்கலாம் தம்பி. பெரிய கைகள் கோவிச்சுக்குவாங்க. அவங்க வரலைன்னா என்ட்ரி பீஸ் வராது” என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, “அப்புறம் கடிகாரத்துக்கு எங்கே போறது? நடுவருக்கு யாரு படி கொடுக்கிறது?” என்றார்.

என்ட்ரி பீஸ் கவலை நியாயம்தான். ஆனால் அறுபது பேர் நின்ற இடத்தில் பதின்மூன்று பேர் நின்றால் டீக்கடைக்காரர்கூட அடுத்த வருஷம் நன்கொடை தரமாட்டார் என்பதையும் சொன்னேன். தலையை ஆட்டினார். நடுவருக்குத் தோற்றுப்போன ஆட்டக்காரர் ஒருவரையே உட்கார வைக்கலாம், பல ஊரில் அப்படித்தான் செய்கிறார்கள் என்றேன். அதற்கும் தலையை ஆட்டினார்.

பேசிக்கொண்டிருக்கும்போதே அவருடைய சட்டைப் பையில் செல்போன் அடித்தது. எடுத்துப் பேசினார். வைத்தார். “இதுலயே வினாடி ஓடுமாமே?” என்று என்னிடம் நீட்டினார். ஓட்டிக் காட்டினேன். பதினைந்து வரை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். “யம்மாடி, இது நிறைய நேரம்ல!” என்றார்.

அடுத்த போட்டிக்கான நோட்டீஸ் இன்னும் அச்சுக்குப் போகவில்லை.