மேட்டைத் திறக்கத் தெரிந்தவனுக்கு மூடத் தெரியாதா?

கட்டுப்படியாகவில்லை என்று சொல்லி 2001 பிப்ரவரி 28-ல் கோலார் தங்கவயல் சுரங்கங்களை மூடினார்கள். மூடியது சுரங்கத்தைத்தான். 120 வருசம் கல்லை அரைத்து, தங்கத்தைச் சயனைடில் கரைத்து எடுத்துக்கொண்டு கொட்டிய கழிவை மூடவில்லை. 13 மேடுகள். சுமார் 3.3 கோடி டன். நம்ம சனங்க அதற்கு வைத்த பேர் சயனைடு மலை.

அந்த மேட்டில் கந்தகக் கனிமம் இருக்கிறது, ஆர்சனிக் இருக்கிறது. கந்தகக் கனிமத்தில் காற்றும் மழைத்தண்ணியும் பட்டால் கந்தக அமிலம் ஊறும். அமிலம் ஊறினால் கல்லுக்குள் அடங்கிக் கிடக்கும் உலோகமெல்லாம் கரைந்து ஓடைக்கும் கிணற்றுக்கும் இறங்கும். காற்றடிக்கிற மாசத்தில் தூசு வீட்டுக்குள்ளேயே வரும்.

மூடுவது என்றால் நாலு செடி நட்டு போட்டோ பிடிப்பதில்லை. சரிவைக் குறைக்கணும். களிமண் போட்டு இறுக்கணும். அதன்மேல் தண்ணி வடிய சரளை, அதற்கும் மேல் வேர் பிடிக்க மண். காற்றும் தண்ணியும் உள்ளே போகாமல் தடுக்கணும், அதுதான் வேலை. போட்டுவிட்டுக் கைகழுவவும் முடியாது. களிமண் வெடிக்கும், மழை அரிக்கும். காலத்துக்கும் பார்த்துக்கொள்ள ஆளும் பணமும் வேணும்.

'அவ்வளவு செலவு யாரால முடியும்?' என்று கேட்பான். ஜெர்மனியில் முடிந்திருக்கிறது. கிழக்கு ஜெர்மனியின் யுரேனியச் சுரங்கங்கள் நின்றதும் 1991-ல் அரசாங்கம் 1300 கோடி மார்க் ஒதுக்கியது. ரோன்னபுர்க்கில் அதிகம் அமிலம் ஊறும் கழிவைப் பெரும்பள்ளத்தின் அடியில், நிலத்தடித் தண்ணி ஏறி நிற்கும் மட்டத்துக்குக் கீழே புதைத்து, மேலே மண் போர்த்தினார்கள். 2007-ல் அந்த ஊரில் பூங்காக் கண்காட்சி நடந்தது.

இங்கே அறிவு இல்லையா? 1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து தங்கவயலுக்கு மின்சாரம் இழுத்தவர்கள், மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்கு மனுசனை இறக்கியவர்கள், அவர்களுக்கா களிமண் போர்த்தத் தெரியாது? மேட்டடியில் குடியிருப்பது யார் என்று பாருங்கள், பதில் கிடைக்கும். வட ஆர்க்காட்டுச் சேரிகளை விட்டு வந்து பாறை உடைத்தவர்களின் பேரப்பிள்ளைகள். அயோத்திதாசரின் 'தமிழன்' ஏட்டை அப்பாதுரையார் மறுபடி அச்சேற்றிய மண் இது. நம்மைத் தீட்டு என்று ஒதுக்கிய நாடு, தன் நஞ்சை நம் வாசலில் குவித்துவிட்டுப் போயிருக்கிறது.

2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை இந்த 13 மேடுகளையும் வெட்டி மிச்சத் தங்கம் எடுக்க ஒப்புதல் கொடுத்தது. வேலை வந்தால் வரட்டும், வேண்டாம் என்று சொல்ல மாட்டோம். ஆனால் ஒரு டன்னில் ஒரு கிராம் தங்கம்கூடத் தேறாது. மற்றதெல்லாம் திரும்பவும் கழிவுதான். அதை எங்கே கொட்டுவாய், எதைக்கொண்டு மூடுவாய், யார் காசில் மூடுவாய்?

தங்கவயல் இளைஞர்களும் தொழிற்சங்கங்களும் இதை இப்போதே கேட்கணும். மூடுகிற பணத்தை முன்னாடியே கட்டட்டும். எந்த அடுக்கு எத்தனை அடி என்று தமிழிலும் கன்னடத்திலும் எழுதி ஊருக்குக் காட்டட்டும். அதுவரைக்கும் மேட்டில் ஒரு மண்வெட்டி விழக் கூடாது.