தூக்கம் கெட்டது போதும், தோழர்களே!



பசறைத் தோட்டங்களில் இருட்டியதும் இஸ்தோப்பு வெறிச்சோடிப் போகிறது. கசிப்புச் சாராயம் விற்கிறவன் யாரென்று தெரியும். கோழியையும் மிளகையும் களவெடுக்கிறவன் யாரென்றும் பல நேரம் தெரியும். தெரிந்தும் வாய் திறக்க முடியாத பயம்தான் நம்மைத் தின்கிறது.

பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் நடக்கும் அடிதடி லயம் முழுக்கக் கேட்கும். இரவு கண்மூடாத அக்கா மறுநாள் மலையில் கொழுந்து கிலோ எடுக்கமாட்டாள், அரைப்பேர்தான், பாதிச் சம்பளம். அரைப்பேர் விழுந்தால் கடன் தவணை தவறும், தவணை தவறினால் மறுபடி தூக்கம் போகும். வெளிக்குப் போகவே துணை தேடும் பிள்ளை மாலை வகுப்பை விட்டுவிடுகிறாள். படபடப்பு, தலையிடி என்று டிஸ்பென்சரிக்குப் போனால் பனடோலோடு திரும்புகிறோம். மிச்சத்துக்குப் பேய் பிடித்துவிட்டதென்று பூசாரியைத் தேடுகிறோம். சம்பளத்துக்குக் கொடி பிடித்த சங்கங்கள் இந்தப் பயத்தைப் பற்றி ஒரு நாளாவது பேசியதுண்டா?

"பொலிசுக்குப் போய் என்னா ஆகப் போவுது?" என்று கேட்கிறவர்களைக் குறை சொல்லமாட்டேன். 1983 ஜூலையில் பதுளையில் தமிழர் கடைகள் எரிந்தன. 2000 ஒக்டோபரில் பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் இருபதுக்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்கள் கொல்லப்பட்டார்கள். அந்த வழக்கில் தண்டிக்கப்பட்டவர்களும் 2005க்குள் மேன்முறையீட்டில் விடுதலையானார்கள். இதைப் பார்த்த சனம் எப்படி நம்பும்?

ஆனாலும் வாய்மூடிக் கிடந்தால் கசிப்புக்காரனுக்குத்தான் லாபம். முறைப்பாடு செய்யப் போகும் பெண்ணோடு நாலு பேர் சேர்ந்து போங்கள். வாக்குமூலத்தைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள், அது சட்டம் தந்த உரிமை. வாசித்துக் காட்டாமல் கையொப்பம் வைக்காதீர்கள். லயத்துக்கு முன்னால் லைட் போடச் சொல்லித் துரையிடமும் பிரதேச சபையிடமும் எழுத்தில் கேளுங்கள். சந்தேகத்தில் எவனையும் கட்டிவைத்து அடிக்காதீர்கள். பக்கத்துச் சிங்களக் கிராமத்தின் மேல் பழியையும் போடாதீர்கள், அங்கேயும் கசிப்பால் அழும் தாய்மார் இருக்கிறார்கள்.

மனசு தாங்கவில்லையென்றால் 1926க்கு எடுங்கள், தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம். பெண்களுக்கு உதவி வேண்டுமென்றால் 1938. இரண்டையும் பிள்ளைக் காம்பராச் சுவரிலும் கோயில் வாசலிலும் பெரிதாக எழுதிப் போடுங்கள்.

இந்த ஞாயிறு ஒவ்வொரு டிவிசனிலும் பிரட்டுக்களத்தில் கூடுவோம். பெண்கள் முதலில் பேசட்டும். தலைவர்மாரே, மாலையும் மைக்கும் வேண்டாம், கொப்பியும் பேனையுமாக வாருங்கள்!