குளமும் அந்த இரவும்

கந்தளாய்க் குளத்தைக் கட்டியவர் யார் என்ற வழக்கு இன்னும் ஓயவில்லை. குளக்கோட்டன் என்கிறது கோணேசர் கல்வெட்டு. இரண்டாம் அக்கபோதி என்கிறது சூளவம்சம். கட்டியவர் பெயருக்காகச் சலிக்காமல் வாதிடுகிறோம். அதே குளக்கட்டு 1986 ஏப்ரல் 20 அதிகாலையில் உடைந்து, 120க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனதை நம் மாணவிகளில் எத்தனை பேர் அறிவர்? மன்னர்களுக்கு ஏடும் கல்வெட்டும் உண்டு. அந்த இரவைக் கண்டவர்களுக்கு வாய்மொழி மட்டுமே, அவர்களுக்கும் வயதாகிவிட்டது. வரலாற்றுப் பாட ஒப்படைக்கு இவ்வருடம் இதையே எடுக்கலாம். மூத்தம்மாவிடமிருந்து தொடங்குங்கள், சிங்கள, தமிழ் அயலவரிடமும் கேளுங்கள். பெற்றோரே, பிள்ளை கேட்டால் "அதெல்லாம் இப்ப எதுக்கு மகள்" என்று தட்டிக்கழிக்காதீர்கள். தண்ணீர் எந்தப் பக்கத்தால் வந்தது, யார் யாரைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள் என்று பெயரோடு சொல்லுங்கள்.