இடமும் மடமும்

சிறிய கடற்கரை ஊருக்குக் குடிபெயரும் ஓவியரோ குயவரோ அந்த ஊர்க்காரராக எப்போது ஆகிறார்? மனம் ஒத்தவர்கள் நாலுபேர் கூடினால் ஒட்டுதல் தானாக வந்துவிடும் என்றே பலரும் நம்புகிறார்கள். இங்கிலாந்தின் தென்மேற்கு முனையில், கார்ன்வாலில் இருக்கும் செயின்ட் ஐவ்ஸின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. அங்கே கலைஞர்களை நிலைக்க வைத்தது மன ஒற்றுமை அல்ல. வேலை செய்யக் கிடைத்த இடமும், அந்த இடத்தை ஊரோடு பங்கிட்டுக்கொண்டதும்தான்.

அந்த ஊருக்கு 1877-இல் ரயில் வந்தது. மத்தி மீன்வரத்து குறையக் குறைய, பாய் தைக்கவும் வலை வைக்கவும் பயன்பட்ட மாடிக் கிடங்குகள் காலியாயின. மலிவு வாடகைக்கு ஓவியர்கள் அவற்றில் குடியேறினார்கள். போர்த்மியர் கடற்கரையை ஒட்டிய கட்டடத்தைப் பாருங்கள்: மேலே ஓவியக்கூடங்கள், கீழே மீனவர்களின் வலையும் கயிறும். இன்றும் அப்படித்தான். ஓவியர் போர்லேஸ் ஸ்மார்ட்டின் நினைவாக அமைந்த அறக்கட்டளை 1949-இல் அதை வாங்கியது. அங்கே ஓவியர் பென் நிக்கல்சன் விட்டுச்சென்ற கூடத்துக்கு 1958-இல் இன்னொரு ஓவியரான பேட்ரிக் ஹெரன் வந்தார். ஆள் மாறினாலும் இடம் கைமாறவில்லை. 1920-இல் பெர்னார்ட் லீச்சும் ஜப்பானியரான ஷோஜி ஹமாதாவும் தொடங்கிய மண்பாண்டப் பட்டறையும் இதே வழியில் வேர்விட்டது. 1938-இல் அங்கே பயிற்சிக்குச் சேர்ந்த வில்லியம் மார்ஷல் உள்ளூர்ப் பையன். வெளியூர்க்காரர் தொடங்கிய தொழில் உள்ளூர்ப் பிள்ளைக்குச் சோறு போட்டால், அப்புறம் அவரை யார் அந்நியர் என்பார்கள்?

மன ஒற்றுமையோ அங்கே சொற்பம். 1949-இல் தொடங்கிய பென்வித் கலைச் சங்கம், உறுப்பினர்களை மரபினர், நவீனர், கைவினைஞர் என்று வகை பிரித்தது. அதை எதிர்த்து மறு ஆண்டே விலகியவர்களில் ஓவியர் பீட்டர் லான்யன் அந்த மண்ணிலேயே பிறந்தவர். சங்கத்தை விட்டாரே தவிர ஊர்ப்பக்கத்தை விட்டுப் போகவில்லை. 1939-இல் வந்துசேர்ந்த சிற்பி பார்பரா ஹெப்வொர்த்துக்கும் லீச்சுக்கும் ஊர் தன் உயரிய குடிமக்கள் மரியாதையை அளிக்க 1968 ஆயிற்று. ஒட்டுதல் ஒரு விழாவில் வருவதல்ல, பல பத்தாண்டு புழக்கத்தில் வருவது.

என் வாதத்துக்கு வலுவான மறுப்பாகத் தோன்றுபவர் ஆல்ஃபிரட் வாலிஸ். கடலோடியாக இருந்து, முதுமையில் அட்டைத் துண்டுகளில் படகுப் பெயின்ட்டால் வரைந்தவர். 1928-இல் நிக்கல்சனும் ஓவியர் கிறிஸ்டோபர் வுட்டும் அவரைக் கண்டுகொண்டார்கள்; அவர் பாணி நவீன ஓவியத்தையே தொட்டது. ஆனாலும் 1942-இல் அவர் இறந்தது மேட்ரன் ஏழையர் விடுதியில். கல்லறைக்கு லீச் செய்துகொடுத்த ஓடுகள் அழகானவை, உயிரோடு இருந்தபோது கிடைத்த பாராட்டோ சோறு போடவில்லை. பாராட்டுவது வேறு, பங்கு கொடுப்பது வேறு என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று தேவையில்லை. என் வாதத்தை இது முறிக்கவில்லை, கூர்மைப்படுத்துகிறது.

இன்னொரு மறுப்பு, இடம் கொடுத்தால் மடத்தைப் பிடுங்கும் கதை. கலையால் ஊர் பெயர் பெறும், பயணிகள் குவிவார்கள், வீட்டு விலை ஏறும், மீனவர் பிள்ளைக்கு வீடு இருக்காது. இதை மறுக்க முடியாது. 1993-இல் அங்கே டேட் அருங்காட்சியகக் கிளை திறந்தது. 2016-இல் நடந்த வாக்கெடுப்பில், புதிதாகக் கட்டும் வீடுகள் நிரந்தரமாகக் குடியிருப்போருக்கே என்ற விதியை உள்ளடக்கிய திட்டத்தை 80 சதவீதத்துக்கும் மேலானோர் ஆதரித்தார்கள். பழைய வீடுகளை அந்த விதி தொடாது என்பதால் அது அரைகுறை மருந்துதான். விலையேற்றத்தின் பழியைக் கலைமேல் மட்டும் போடுவதும் சரியல்ல. அழகான கடலும் ரயிலும் இருந்தால் ஓவியர் இல்லாமலும் விடுமுறை வீடுகள் வரும். சந்தையின் கையில் விடாத கட்டடம்தான் கலைஞரையும் மீனவரையும் ஒருசேரக் காத்தது.

நமக்கும் இதில் அனுபவம் உண்டு. 1966-இல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் சென்னைக் கலைஞர்கள் பத்திக் முதலிய கைவினைப் பொருட்களை விற்ற பணத்தில் ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் நிலம் வாங்கி அமைத்ததே சோழமண்டலம் கலைஞர் கிராமம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் நிலம் பொன் விலைக்குப் போன பிறகும் அது நிற்கிறது என்றால், நிலம் அவர்கள் கையில் இருந்ததே காரணம். நம் கடலோர நகராட்சிகள் கலைவிழாப் பந்தலுக்குச் செலவிடுவதில் ஒரு பகுதியை, பூட்டிக் கிடக்கும் ஒரு பழைய கிடங்கைப் பழுதுபார்க்க ஒதுக்கட்டும். கீழ்த்தளத்தை மீனவர்களுக்கும் மாடியைக் கலைஞர்களுக்கும் கட்டுப்படியாகும் வாடகைக்கு விடட்டும்.