நகல் கேட்பாரும் நாமும்

திருட்டு என்றதும் பூட்டை உடைப்பவனே நம் நினைவுக்கு வருகிறான். இன்றைய திருடனுக்குப் பூட்டு எதற்கு? பெயரும் பிறந்த நாளும் எண்ணும் கிடைத்தால் போதும். நாமாகவே மாறி நின்றுவிடுவான்.

இந்த வித்தையை நம் நகரம் 2016ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்திலேயே கண்டது. வெள்ளையம்பலத்தை அடுத்த ஆல்தறைச் சந்திப்பில் ஓர் ஏ.டி.எம். அறை. அதற்குள், பார்வைக்குப் புகையறியும் கருவி போன்ற ஒரு வேவுக்கருவியைப் பொருத்திவிட்டனர். அட்டையின் காந்தப்பட்டையில் இருந்த செய்தி களவு போயிற்று. இரகசிய எண்ணை அழுத்திய விரல்களைக் கேமரா பார்த்துக்கொண்டது. அவ்வளவுதான், போலி அட்டை பிறந்தது. உண்மை அட்டை உரியவரின் சட்டைப்பையில். பணம் எடுக்கப்பட்டதோ மும்பையில்! ருமேனிய நாட்டினரின் கைவரிசை அது. அவருள் ஒருவர் மும்பையிலேயே பிடிபட்டார். காந்தப்பட்டை அட்டைகளை 2018 டிசம்பர் 31க்குள் மாற்றிச் சிப் பதித்த அட்டை தருமாறு ரிசர்வ் வங்கி கெடு வைத்திருந்தது. அதன்பின் அந்த வழி பெரிதும் அடைபட்டது.

அன்று திருடன் கடல் கடந்து வந்து, கருவி பொருத்தி, காத்திருக்க வேண்டியிருந்தது. இன்று அந்தச் சிரமத்தையும் நாம் அவனுக்கு வைப்பதில்லை. நாகர்கோவிலிலிருந்தும் நெல்லையிலிருந்தும் இங்கு வந்து சேரும் நம்மவரிடம், வெளிமாநிலத்தார் என்ற காரணத்தாலேயே எங்கும் ஆதார் நகல் கேட்கிறார்கள். அறை தருபவர் கேட்கிறார், பயிற்சி நிலையத்தார் கேட்கிறார். நாமும் நகலெடுக்கும் கடையின் வாட்ஸ்அப்புக்குப் படத்தை அனுப்பி, அச்சானதும் தாளை வாங்கிக்கொண்டு நடந்துவிடுகிறோம். படம் கடையிலேயே தங்கிவிடுகிறது.

'மாணவர்கள் விழிப்பாக இருக்க வேண்டும்' என்று சொல்லிக் கைகழுவுவோர் கூற்று எனக்கு உடன்பாடன்று. தலைசாய்க்க இடம் தேடி நிற்பவன் நகல் தரமாட்டேன் என்று எப்படிச் சொல்வான்? பொறுப்பு முதலில் கேட்பவருடையது. 2022 மே 27இல் ஆதார் ஆணையத்தின் பெங்களூர் அலுவலகம், நகலைக் கண்டவரிடம் கொடுக்க வேண்டா. கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரைக் கொடுங்கள் என்று அறிவித்தது. இரண்டே நாளில், மக்கள் தவறாகப் பொருள்கொள்ளக்கூடும் என்று அவ்வறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. சரியாகப் பொருள்கொண்டவர்கள் என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை! எனினும் மறைப்பு ஆதார் போய்விடவில்லை. ஆணையத்தின் இணையதளத்தில் எவரும் இறக்கிக்கொள்ளலாம்.

சட்டமும் இருக்கிறது. பிறர் அடையாளத்தை வஞ்சகமாகப் பயன்படுத்துவோர்க்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவு மூன்றாண்டு வரை சிறை விதிக்கிறது. பணம் பறிபோனால் உடனே 1930 என்ற எண்ணை அழைக்கலாம். ஆனால் இவையெல்லாம் வெள்ளம் வந்தபின் போடும் அணை.

ஊராரைச் சொன்ன வாயால் நம்மையும் சொல்ல வேண்டும். நம் மன்றத்தின் உறுப்பினர் விண்ணப்பத்திலும் 'ஆதார் நகல் இணைக்க' என்றொரு வரி இருக்கிறது. கவியரங்கில் பாடவும் பட்டிமன்றத்தில் வாதாடவும் பன்னிரண்டு இலக்க எண் எதற்கு? கல்லூரி அடையாள அட்டையைக் காட்டினால் போதாதா? சென்ற ஆண்டுகளின் விண்ணப்பக் கட்டுகள் மன்ற அலமாரியில் பூட்டின்றிக் கிடக்கின்றன, சென்று பார்க்கலாம். அவ்வரியை நீக்கவும், பழைய நகல்களைக் கிழித்தழிக்கவும் அடுத்த பொதுக்குழுவில் தீர்மானம் கொண்டுவருகிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும்.