விழப்போகிற பல்லும் வலிக்கும்

‘விழப்போற பல்லுதானே, இதுக்கு எதுக்கு வைத்தியம்?’ வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் குழந்தைகளின் சொத்தைப் பல்லைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வருகிற பதில் இதுதான். படிக்காதவர்கள் மட்டும் இதைச் சொல்வதில்லை. ஆசிரியர்கள் சொல்கிறார்கள், அங்கன்வாடியில் சொல்கிறார்கள், மருத்துவப் பணியாளர்களில் சிலரும் சொல்கிறார்கள். முனைவர் பட்ட ஆய்வுக்காக இந்த இரண்டு கொம்யூன்களின் காலனிகளுக்குப் போய்வந்துகொண்டிருக்கும் நான், இந்தப் பதிலைச் சாதியிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது என்று நினைக்கிறேன். எல்லாக் குழந்தைகளின் பால் பல்லும் விழத்தான் போகிறது. ஆனால் விழும் வரை வலியோடு காத்திருக்க வேண்டிய குழந்தை எது என்பதைச் சாதியும் வர்க்கமும் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன.

முதலில் பல்லைப் பற்றிய கணக்கைப் பார்ப்போம். பால் பற்கள் 20. பிறந்த ஆறாம் மாதத்தில் முளைக்கத் தொடங்கி, இரண்டரை, மூன்று வயதுக்குள் எல்லாம் வந்துவிடும். முன் பற்கள் ஆறு, ஏழு வயதில் விழும். கடைவாய்ப் பால் பற்களோ பத்து, பன்னிரண்டு வயது வரை வாயில் இருக்க வேண்டியவை. மூன்று வயதில் கடைவாய்ப் பல்லில் சொத்தை விழுந்தால், அந்தக் குழந்தை ஏழெட்டு ஆண்டுகள் அதே பல்லால்தான் மென்று தின்ன வேண்டும். பால் பல்லின் மேல்பூச்சு மெல்லியது. சொத்தை சீக்கிரம் உள்ளே இறங்கி நரம்பைத் தொட்டுவிடும். பிறகு இரவில் வலி, கன்னத்தில் வீக்கம், சீழ். குழந்தை ஒரு பக்கமாகவே மெல்லும், சரியாகச் சாப்பிடாது, தூங்காது. சீழ் வேர் வரை போனால் அடியில் உருவாகிக்கொண்டிருக்கும் நிலைப் பல்லும் கெடலாம். முன்கூட்டியே பிடுங்கிவிட்டால் பக்கத்துப் பற்கள் அந்த இடத்துக்குச் சாய்ந்து, பின்னால் வரும் பல் கோணலாக முளைக்கும். ஆறு வயதில் கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் முளைக்கும் கடைவாய்ப் பல் நிலைப் பல். எந்தப் பல்லும் விழாமல் அது வருவதால் பலரும் அதையும் பால் பல் என்றே நினைத்து விட்டுவிடுகிறார்கள்.

இது நம் ஊருக்கு மட்டும் வந்த நோய் இல்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட வாய் நல அறிக்கையின்படி, உலகில் ஏறத்தாழ 51 கோடிக் குழந்தைகளுக்குப் பால் பல் சொத்தை இருக்கிறது. இந்தியப் பல் மருத்துவக் குழுமம் 2002-03-இல் நடத்திய தேசியக் கணக்கெடுப்பில் ஐந்து வயதுக் குழந்தைகளில் சுமார் பாதிப் பேருக்குச் சொத்தை இருந்தது. அக்கிரகாரத்துக் குழந்தைக்கும் சொத்தை வரும், ஊர்த்தெருக் குழந்தைக்கும் வரும், காலனிக் குழந்தைக்கும் வரும். வந்த பிறகு என்ன நடக்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

காலனிக் குழந்தைக்கு முதலில் கிடைப்பது மருந்து இல்லை, பழி. ‘இந்தக் காலனிப் பிள்ளைங்க பல்லே விளக்கறதில்லை’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். அழுக்கு என்பது நம் மீது பல நூற்றாண்டுகளாகச் சுமத்தப்பட்டுவரும் குற்றச்சாட்டு. தண்ணீரைத் தொடவிடாதவர்களே நம்மைக் குளிக்காதவர்கள் என்றார்கள். 1927-இல் மகத்தில் அண்ணல் அம்பேத்கர் குளத்து நீரை அள்ளிக் குடிக்க வேண்டியிருந்த நாடு இது. அந்தப் பழியின் புதிய வடிவம்தான் குழந்தையின் வாயைப் பார்த்துக் குடும்பத்தின் சுத்தத்தை அளப்பது. வாயில் இருக்கும் கிருமிகள் சர்க்கரையைத் தின்று அமிலத்தை உண்டாக்குகின்றன. அந்த அமிலம் பல்லை அரிக்கிறது. ஒரு நாளில் எத்தனை முறை இனிப்பு வாய்க்குள் போகிறது, பற்பசையில் ஃப்ளூரைடு இருக்கிறதா, ஆரம்பத்திலேயே சிகிச்சை கிடைத்ததா என்பவைதான் பெரும்பாலும் பல்லின் கதையைத் தீர்மானிக்கின்றன. விடியற்காலையில் நடவுக்கோ கம்பெனி வண்டிக்கோ ஓட வேண்டிய தாய், அழும் குழந்தையின் கையில் ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டைக் கொடுத்துவிட்டுப் போகிறாள். கடையில் மலிவாகக் கிடைப்பதும் சட்டென்று பசியை அடக்குவதும் அதுதான். குறைந்த கூலியையும் நீண்ட வேலை நேரத்தையும் பற்றிப் பேசாமல் அந்தத் தாயின் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசுவது வசதியானது.

இன்னொன்றையும் பேச வேண்டும். சாதியச் சமூகத்தில் வாய் என்பது எச்சில். எச்சில் என்பது தீட்டு. தேநீர்க் கடையில் தனிக் குவளை வைத்த சமூகம், எந்தக் குழந்தையின் வாய்க்குள் விரலை விடத் தயங்கும் என்று விளக்க வேண்டியதில்லை. பல் பரிசோதனை முகாம்கள் சிலவற்றை நேரில் பார்த்திருக்கிறேன். குழந்தைகளை வரிசையில் நிறுத்துகிறார்கள், ‘ஆ’ காட்டச் சொல்கிறார்கள், சற்றுத் தள்ளி நின்று டார்ச் அடிக்கிறார்கள், நோட்டில் குறிக்கிறார்கள். ஒரு குழந்தைக்கு அரை நிமிடம்கூட ஆவதில்லை. அந்தத் தூரத்துக்குச் சாதிதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. நேரமும் ஆளும் போதாததும் காரணமாக இருக்கலாம். ஆனால் தொடாமல் கணக்கெடுக்கலாம், தொடாமல் வைத்தியம் பார்க்க முடியாது.

2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் பரிசோதனைத் திட்டத்தில், அங்கன்வாடிக் குழந்தைகளை ஆண்டுக்கு இரண்டு முறையும் அரசுப் பள்ளிக் குழந்தைகளை ஒரு முறையும் பார்க்க வேண்டும். பார்க்க வேண்டிய குறைபாடுகளின் பட்டியலில் பல் சொத்தையும் இருக்கிறது. கண்டுபிடித்த பிறகு குழந்தையின் கையில் சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். பாகூரிலிருந்து கோரிமேட்டில் இருக்கும் அரசுப் பல் மருத்துவக் கல்லூரிக்குப் போக வேண்டுமென்றால் நகரத்துக்கு வந்து பேருந்து மாற வேண்டும். ஒரு நாள் கூலி போகும். மறுபடி வரச் சொன்னால் இன்னொரு நாள் கூலி. சிகிச்சை இலவசம்தான், அந்த நாள் இலவசமில்லை. அதனால்தான் சீட்டு வீட்டுக் கூரையில் செருகப்படுகிறது, குழந்தையின் பல்லில் கிராம்பு வைக்கப்படுகிறது.

ஆனால் இதற்கு வழி இருக்கிறது. துளையிடும் இயந்திரமும் சாய்வு நாற்காலியும் ஊசியும் இல்லாமலேயே பல சொத்தைகளை நிறுத்த முடியும். சில்வர் டையமின் ஃப்ளூரைடு என்று ஒரு திரவ மருந்து. பல்லைப் பஞ்சால் துடைத்து உலர்த்தி, சின்னத் தூரிகையால் ஒரு நிமிடம் தடவினால் போதும். வெள்ளி கிருமியைக் கொல்கிறது, ஃப்ளூரைடு பல்லை இறுக்குகிறது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை மறுபடி தடவ வேண்டும். ஜப்பானில் அரை நூற்றாண்டுக்கு முன்பே இது பயன்பாட்டுக்கு வந்துவிட்டது. ஹாங்காங்கில் மழலையர் பள்ளிகளுக்கே போய்த் தடவுகிறார்கள். கைக்கருவியால் சொத்தையைச் சுரண்டி கிளாஸ் அயனோமர் சிமெண்ட் வைத்து அடைக்கும் முறையும் இருக்கிறது. இந்த மருந்து, இந்த சிமெண்ட், ஃப்ளூரைடு பற்பசை ஆகிய மூன்றையும் உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. கடைவாய்ப் பல்லுக்கு ஊசி போடாமல், துளைக்காமல், உலோக உறையை மாட்டிவிடும் ‘ஹால்’ முறை ஸ்காட்லாந்திலிருந்து வந்தது. அதே ஸ்காட்லாந்தில் மழலையர் பள்ளிகளில் ஆசிரியர் மேற்பார்வையில் குழந்தைகள் தினமும் ஃப்ளூரைடு பற்பசையால் பல் துலக்குகிறார்கள். மூன்று வயதுக்குள் அரிசி அளவு பசை, அதற்கு மேல் பட்டாணி அளவு. நம் அங்கன்வாடிகளில் இதைச் செய்ய எந்தத் தொழில்நுட்பமும் தடையாக இல்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். அந்தத் திரவம் தடவிய சொத்தை நிரந்தரமாகக் கறுத்துவிடும். ஏற்கெனவே நிறத்தைச் சொல்லிக் கேலி செய்யப்படும் நம் குழந்தைகளின் முன் பற்களைக் கேட்காமல் கறுப்பாக்கிவிட்டுப் போவதை ஏற்க முடியாது. நகரத்துத் தனியார் மருத்துவமனையில் வெள்ளை அடைப்பு, காலனியில் கறுப்புப் பல் என்று இரட்டைக் குவளை மருத்துவத்துக்கும் வந்துவிடக் கூடாது. ஆகவே தாய்க்குப் படம் காட்டி, எப்படி மாறும் என்று சொல்லி, சம்மதம் வாங்கிய பிறகே தடவ வேண்டும். முன் பல் என்றால் மேலே சிமெண்ட் வைத்துக் கறுப்பை மறைக்கக் கேட்கலாம். நரம்பு வரை போன சொத்தைக்கும், வீங்கிச் சீழ் பிடித்த பல்லுக்கும் இந்த மருந்து உதவாது; அந்தக் குழந்தைகளை மருத்துவமனைக்கு அழைத்துப் போய்த்தான் ஆக வேண்டும். நாம் கேட்பது மலிவான வைத்தியம் அல்ல, நேரத்தில் கிடைக்கும் வைத்தியம்.

புதுச்சேரி சின்ன யூனியன் பிரதேசம். அரசுப் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, ஜிப்மர் இருக்கிறது, தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளும் இருக்கின்றன. இல்லாதது, கேட்பதற்கு ஆள். உள்ளாட்சித் தேர்தல் 1968-க்குப் பிறகு 38 ஆண்டுகள் கழித்து 2006-இல் நடந்தது. அப்போது தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2011-இல் முடிந்ததும் கொம்யூன்கள் மறுபடி அதிகாரிகள் கைக்குப் போயின. ஒதுக்கீட்டில் வென்று வந்த தலித் உறுப்பினர் இருந்தால், அங்கன்வாடிக்குப் பல் மருத்துவர் ஏன் வரவில்லை என்று கூட்டத்தில் எழுந்து கேட்டிருப்பார். அந்த நாற்காலியைப் பிடுங்கியதன் விலையை மூன்று வயதுக் குழந்தையும் கொடுக்கிறது.

நம் கோரிக்கைகள் எளியவை. வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் ஒவ்வோர் அங்கன்வாடிக்கும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பல் மருத்துவர் வர வேண்டும். பார்த்துவிட்டுப் போக அல்ல, அங்கேயே சிகிச்சை செய்ய. காலனி அங்கன்வாடிகளில் அது தொடங்க வேண்டும். மருத்துவமனைக்கு அனுப்பப்படும் குழந்தைக்கு வண்டியும், கூட வரும் தாய்க்கு அன்றைய கூலியும் தர வேண்டும். புதுச்சேரி மக்கள்தொகையில் சுமார் 16 விழுக்காடு பட்டியல் சாதியினர். அவர்களுக்கான சிறப்புக்கூறு நிதியில் இதற்கு இடமிருக்கிறது. பரிசோதித்த குழந்தைகளின் எண்ணிக்கை போதாது, வலி தீர்ந்த குழந்தைகளின் எண்ணிக்கையைப் பொதுவில் வைக்க வேண்டும்.

அடுத்த முறை உங்கள் ஊரில் முகாம் நடந்தால் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: ‘எத்தனை பேரைப் பார்த்தீர்கள் என்பது இருக்கட்டும், எத்தனை பல்லுக்கு மருந்து வைத்தீர்கள்?’ விழப்போகிற பல்தானே என்று பதில் வந்தால் விடாதீர்கள். விழும் வரை அந்தப் பல் நம் குழந்தையின் வாயில்தான் இருக்கிறது.