போன் வளர்ந்தது, கை வளரவில்லை!

பஸ்சில் நல்ல கூட்டம். ஒரு கை மேலே கம்பியைப் பிடித்து இருக்கிறது. மறு கையில் செல்போன்.

மகளிடம் இருந்து ஒரு செய்தி வருகிறது. அதைப் பார்க்க, திரையின் மேல் ஓரத்தைத் தொடவேண்டும். கட்டை விரல் எட்டவில்லை! கொஞ்சம் நீட்டுகிறீர்கள். போன் நழுவுகிறது. "டொக்!"

கண்ணாடி உடைந்தால் யாருக்கு நஷ்டம்?

குற்றம் விரல் மீது அல்ல. 2007-ம் ஆண்டில் வந்த முதல் ஐபோனின் திரை, மூலைக்கு மூலை 3½ அங்குலம்தான். எடை 135 கிராம். கட்டை விரல் நாலு மூலைக்கும் போய் வந்தது. 2011-ல் சாம்சங் கம்பெனி 5.3 அங்குலத்தில் "கேலக்சி நோட்" கொண்டு வந்தது. "இது என்ன, போனா பலகையா?" என்று பலர் கேலி செய்தார்கள். கேலி செய்தவர்களும் பிறகு அதைவிடப் பெரிய போனை வாங்கினார்கள்! 2024-ல் வந்த "ஐபோன் 16 புரோ மேக்ஸ்" 6.9 அங்குலம்; 227 கிராம்.

பெரிய திரையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எழுத்து பெரிதாகத் தெரிகிறது. தாத்தா மூக்குக் கண்ணாடியைத் தேடுவது குறைகிறது. ஆனால் பெண்களின் கை, பொதுவாக ஆண்களின் கையைவிடச் சிறியது. இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு போன் பேசுகிறவர்களும் அவர்கள்தானே!

ஒளிந்து கிடக்கும் வசதி

இதற்கு வழி போனுக்கு உள்ளேயே இருக்கிறது. நமக்கு அதைச் சொல்லித் தருவார் இல்லை. அதுதான் என் வருத்தம்.

பல ஆண்டிராய்டு போன்களில் "ஒரு கை" வசதி உண்டு. "செட்டிங்ஸ்" பகுதியில் "ஒன் ஹேண்டட் மோடு" என்று தேடி, அதைப் போட்டு விடுங்கள். பிறகு, திரையின் அடி ஓரத்தில் விரலை வைத்துக் கீழே இழுத்தால், மேலே இருப்பது கீழே இறங்கி வரும். சில போன்களில் படம் முழுவதும் சிறியதாகி ஒரு மூலைக்கு வந்துவிடும். ஐபோனிலும் இது உண்டு. அங்கே பெயர் "ரீச்சபிலிட்டி".

எழுதுவதற்கும் வழி உண்டு. கூகுள் கீபோர்டில் கமா பொத்தானை அழுத்திப் பிடியுங்கள். ஒரு கையின் படம் தோன்றும். விரலை எடுக்காமல் அதன்மேல் கொண்டு போய் விடுங்கள். எழுத்துக்கள் எல்லாம் ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்கும்.

ஒன்று மறக்காதீர்கள். எடை முழுவதையும் சுண்டு விரல் மேல் போடாதீர்கள். போனின் முதுகில் ஒட்டும் வளையம் கடைகளில் கிடைக்கிறது. அதில் விரலை மாட்டிக்கொண்டால் போன் எளிதில் நழுவாது.

செருப்பு வாங்கினால் போட்டு நடந்து பார்க்கிறோம். வளையலைக் கையில் ஏற்றிப் பார்க்கிறோம். ஆயிரம் ஆயிரமாகக் கொடுத்து வாங்கும் போனை மட்டும் படத்தைப் பார்த்து வாங்கலாமா? கடையில் ஒரு கையால் பிடித்துப் பாருங்கள். கட்டை விரலால் எதிர் மூலையைத் தொட்டுப் பாருங்கள். எட்டவில்லையா? "அந்த ஒரு கை வசதியைப் போட்டுக் காட்டுங்கள். அப்புறம் பணம் தருகிறேன்" என்று தைரியமாகக் கேளுங்கள்!